ஐதரசன் எரிபொருட் கலமும் நுண்துளைச் சேதனப் பொருள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர இரசாயனவியல் கற்கும் மாணவர்களும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும், தீவுப் பகுதிகளின் மின்சாரத்தைப் பற்றி அக்கறையோடு சிந்திப்பவர்களும் கேட்டுவரும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மின்னிரசாயன அலகை ஒருமுறை படித்த எவரும் தொடர்ந்து வாசிக்கக்கூடிய அளவிலேயே விளக்கங்கள் எழுதப்பட்டுள்ளன.

எரிபொருட் கலம் என்பது மின்கலத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

மின்கலம் தனக்குள் அடைக்கப்பட்ட இரசாயனப் பொருள்களைச் செலவிட்டு மின்னைத் தருகிறது. எரிபொருட் கலத்துக்கோ ஐதரசனும் ஒட்சிசனும் வெளியிலிருந்து இடையறாது வழங்கப்படுகின்றன, அவை வந்துகொண்டிருக்கும்வரை மின்னும் வந்துகொண்டிருக்கும். அனோட்டில் ஐதரசன் மூலக்கூறு இரண்டு புரோத்தன்களாகவும் இரண்டு இலத்திரன்களாகவும் பிரிகிறது. புரோத்தன்கள் நடுவிலுள்ள மென்சவ்வின் ஊடாகவும் இலத்திரன்கள் வெளிச்சுற்றின் ஊடாகவும் கதோட்டை அடைந்து, அங்கு ஒட்சிசனுடன் சேர்ந்து நீராகின்றன. பிரித்தானிய விஞ்ஞானி வில்லியம் குரோவ் இத்தகைய கலத்தை 1839 இல் செய்து காட்டினார். மென்சவ்வைக் கொண்ட வடிவம் 1965 இல் அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் பயன்பட்டது.

கலத்தின் வோல்ற்றளவு 1.23 என்று பாடநூலில் உள்ளது. நடைமுறையில் ஏன் 0.6 அல்லது 0.7 வோல்ற்று மட்டும் கிடைக்கிறது?

1.23 வோல்ற்று என்பது 25 பாகை செல்சியசில் மின்னோட்டமே எடுக்காத நிலைக்குரிய கோட்பாட்டுப் பெறுமானம். மின்னோட்டம் எடுக்கத் தொடங்கியதும் மூன்று இழப்புகள் சேர்கின்றன. கதோட்டில் ஒட்சிசன் தாழ்த்தப்படும் தாக்கம் மிக மெதுவானது என்பதால், அதை விரைவுபடுத்த வோல்ற்றளவின் பெரும் பங்கு செலவாகிறது. அடுத்தது மென்சவ்வின் தடை. மூன்றாவது, மின்னோட்டம் உயர உயரப் பெரிதாகும் இழப்பு: தாக்கம் நிகழும் இடத்துக்கு ஒட்சிசன் வேண்டிய வேகத்தில் வந்துசேர முடியாமற் போவது. இந்த மூன்றாவது இழப்பிலேதான் நுண்துளைச் சேதனப் பொருள்கள் தங்கள் பயனை மிகத் தெளிவாகக் காட்டியுள்ளன.

நுண்துளைச் சேதனப் பொருள் என்றால் என்ன?

காபன், ஐதரசன், நைதரசன், ஒட்சிசன் போன்ற இலேசான மூலகங்கள் பங்கீட்டு வலுப் பிணைப்புகளால் இணைந்து, நனோமீற்றர் அளவிலான வெற்றிடங்களைத் தமக்குள் நிலையாக வைத்திருக்கும் திண்மங்களையே இப்பெயரால் குறிக்கிறோம். இவற்றில் சில ஒழுங்கற்ற வலைகளாக இருக்கும். சில, வளைந்திருப்பதால் நெருக்கமாக அடுக்கப்பட முடியாத சங்கிலிகளைக் கொண்ட பல்பகுதியங்கள். மூன்றாவது வகை பளிங்கு ஒழுங்குடையது. அதைச் சேதனச் சட்டகம் என்று இங்கு அழைப்போம். இரசாயனவியலாளர் ஓமர் யாகியின் குழு முதலாவது சேதனச் சட்டகங்களை 2005 இல் வெளியிட்டது. உலோக அயன்களை முடிச்சாகக் கொண்ட உலோகச் சேதனச் சட்டகங்களுக்காக அவரும் சுசுமு கிட்டகாவாவும் ரிச்சர்ட் ரொப்சனும் 2025 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நாம் பேசும் பொருள்கள் அவற்றின் உலோகமில்லாத உறவினர்.

இவற்றின் உட்பரப்பு வியப்பூட்டும் அளவுக்குப் பெரியது. கிராமுக்கு 1000 சதுர மீற்றர் என்பது இத்துறையில் சாதாரணமான எண். நமது காணி அளவில் அது ஏறத்தாழ 4 பரப்பு. 2009 இல் வெளியான ஒரு நுண்துளைப் பொருளுக்கு கிராமுக்கு 5600 சதுர மீற்றர் அளக்கப்பட்டது. எனினும் எரிபொருட் கலத்துக்குப் பரப்பு மட்டும் முக்கியமன்று. துளையின் விட்டமும், துளைச் சுவரில் எந்த இரசாயனக் கூட்டம் பொருத்தப்பட்டுள்ளது என்பதும் அதைவிட முக்கியமானவை.

கலத்தின் எந்தப் பகுதியில் இவற்றைச் சேர்க்கிறார்கள்?

மென்சவ்விலும் சேர்க்கலாம், ஊக்கிப் படையிலும் சேர்க்கலாம், ஊக்கியைத் தயாரிக்கும் மூலப்பொருளாகவும் பயன்படுத்தலாம். இவற்றுள் ஊக்கிப் படையே இன்று அதிக கவனத்துக்குரியது என்பது எனது மதிப்பீடு. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

கதோட்டின் ஊக்கிப் படையில் காபன் துணிக்கைகளின்மேல் 2 முதல் 5 நனோமீற்றர் வரை விட்டமுள்ள பிளாற்றினம் மணிகள் ஒட்டியிருக்கின்றன. ஒரு மணி வேலை செய்ய வேண்டுமானால் இலத்திரன், புரோத்தன், ஒட்சிசன் ஆகிய மூன்றும் அந்த மணியின் மேற்பரப்பில் சந்திக்க வேண்டும். இலத்திரனைக் காபன் கொண்டுவருகிறது. புரோத்தனைக் கொண்டுவருவதற்காக, மணிகளின்மேல் நாபியன் எனப்படும் புளோரீன் சேர்ந்த பல்பகுதியம் சில நனோமீற்றர் தடிப்பில் பூசப்படுகிறது. டியூபொன்ட் நிறுவனத்தில் வோல்தர் குரொட் 1960களில் உருவாக்கிய இப்பொருளின் சல்போனிக் அமிலக் கூட்டங்கள் புரோத்தனைக் கைமாற்றிக் கடத்துகின்றன. ஆனால் புரோத்தனுக்கு வழி அமைக்கும் அதே பூச்சு ஒட்சிசனுக்குத் தடையாகிறது. பிளாற்றினத்தை ஒட்டி அப்பூச்சு நெருக்கமாக அடைந்து கிடப்பதால் வாயு அதனூடாகப் பரவுவது கடினம். போதாததற்கு, நெகிழ்வான சங்கிலியின் நுனியிலுள்ள சல்போனேற்றுக் கூட்டங்கள் பிளாற்றினத்தின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு தாக்கத்துக்கான இடங்களை மூடிவிடுகின்றன. விலையைக் குறைப்பதற்காகப் பிளாற்றினத்தைக் குறைக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. எஞ்சிய சில மணிகளே முழு மின்னோட்டத்தையும் தாங்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு மணிக்கும் மிகுதியான ஒட்சிசன் தேவைப்படுகிறது.

நுண்துளைச் சட்டகம் அந்த இடத்தில் என்ன செய்கிறது?

பெய்ஜிங் தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழுவொன்று 2022 இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு நேரடியான விடையைத் தந்தது. சல்போனிக் அமிலக் கூட்டங்களைத் தாங்கிய சேதனச் சட்டகத்தை மெல்லிய தகடுகளாகப் பிரித்து, அவற்றை நாபியனுடன் கலந்து ஊக்கிப் படையில் சேர்த்தார்கள். தகடுகளிலுள்ள துளைகளின் விட்டம் 2.8 முதல் 4.1 நனோமீற்றர் வரை. ஒட்சிசன் மூலக்கூற்றின் விட்டம் ஏறத்தாழ 0.35 நனோமீற்றர் என்பதை இதனுடன் வைத்துப் பார்த்தால், துளை மூலக்கூற்றைவிட எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு அகலமானது என்பது விளங்கும். கதோட்டில் சதுர சென்ரிமீற்றருக்கு 0.07 மில்லிகிராம் பிளாற்றினம் மட்டும் இருந்த கலத்தில், பிளாற்றினத்தின் திணிவுசார் தொழிற்பாடும் (அதாவது ஒரு கிராம் பிளாற்றினம் தரும் மின்னோட்டமும்) கலத்தின் உச்ச வலுவடர்த்தியும் சட்டகம் சேர்க்காத கலத்தைவிட 1.6 மடங்காகின. அந்த 0.07 மில்லிகிராம் என்பது ஒரு முழுச் சதுர மீற்றர் மின்வாய்க்கு 0.7 கிராம் பிளாற்றினம் மாத்திரமே.

இதன் பொறிமுறையை இவ்வாறு புரிந்துகொள்ளலாம். இடியப்பத் தட்டுகளை அடுக்கி அவிக்கும்போது பின்னலின் இடைவெளிகளூடாக நீராவி மேல்தட்டு வரை ஏறுவதைப்போல, சட்டகத் தகடுகளின் துளைகளூடாக ஒட்சிசன் பிளாற்றினத்தை அடைகிறது. தட்டின் பின்னல் விறைப்பாக இருப்பதனாலேயே இடைவெளி மூடாமல் நிற்கிறது. சட்டகத்தின் பென்சீன் வளையங்களும் அவற்றை இணைக்கும் பிணைப்புகளும் அதே விறைப்பைத் தருகின்றன. சல்போனிக் அமிலக் கூட்டங்கள் அந்த விறைப்பான துளைச் சுவரில் பொருத்தப்பட்டிருப்பதால் புரோத்தனைத் தொடர்ந்து கடத்துகின்றன. வாயுவுக்கும் புரோத்தனுக்கும் ஒரே பூச்சில் இருவேறு வழிகள் கிடைப்பதே இதன் சாரம். பிளாற்றினத்துக்குப் பதிலாக வேறொன்றைத் தேடாமல், இருக்கும் பிளாற்றினம் முழுமையாக உழைக்க வழிசெய்கிறது என்பதால் இந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தமானது. வணிகரீதியாக விற்கப்படும் பல்வேறு ஊக்கிகளுடனும் இம்முறை பலனளித்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

துளைகள் நீரால் நிரம்பி அடைபட்டுவிடாதா?

இது மிகச் சரியான ஐயம். சதுர சென்ரிமீற்றருக்கு 1 அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலம் ஓடினால் 3600 கூலோம் கடக்கிறது. இரண்டு இலத்திரனுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்று பரடேயின் விதிப்படி கணித்தால், அந்தச் சிறு சதுரத்தில் ஏறத்தாழ 0.34 கிராம் நீர் உருவாகிறது. அச்சதுரமோ பெருவிரல் நகத்தளவு இடம்தான். இந்த நீர் உடனுக்குடன் வெளியேறாவிட்டால் ஒட்சிசனின் பாதை மூழ்கிவிடும். எனவே சட்டகத்தின் அளவு, துளையின் விட்டம், சுவரின் நீர் விருப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகவே சீர்செய்ய வேண்டும். சட்டகத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் பயனும் கூடும் என்ற எதிர்பார்ப்பு தவறானது.

யாழ்ப்பாணத்தின் ஈரப்பதன் மிக்க காற்றில் மென்சவ்வு உலர்ந்துபோகும் சிக்கலே இருக்காது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஒரு சிறு கணிப்பு இதைத் தெளிவாக்கும். 30 பாகை செல்சியசில் நீரின் நிரம்பலாவியமுக்கம் 4.24 கிலோபஸ்கால், சாரீரப்பதன் (நிரம்பலாவியமுக்கத்தோடு ஒப்பிட்ட நீராவி அமுக்கம்) 80 சதவீதமாக இருக்கும் புழுக்கமான நாளில் காற்றிலுள்ள நீராவியின் அமுக்கம் ஏறத்தாழ 3.4 கிலோபஸ்கால். அதே காற்றை 80 பாகையில் இயங்கும் கலத்துக்குள் செலுத்தும்போது, அவ்வெப்பநிலைக்குரிய நிரம்பலாவியமுக்கம் 47.4 கிலோபஸ்கால் என்பதால், சாரீரப்பதன் ஏறத்தாழ 7 சதவீதமாக விழுந்துவிடுகிறது. உடலெல்லாம் வியர்வை காயாத நாளின் காற்றும் கலத்துக்குள் நுழைந்ததும் வறண்ட காற்றே. நன்கு நனைந்த நாபியன் 80 பாகையில் சென்ரிமீற்றருக்கு 0.1 சீமன் (கடத்தலின் அலகு) அளவில் புரோத்தனைக் கடத்தும். உலர்ந்தால் அக்கடத்துதிறன் பல மடங்கு வீழ்கிறது. ஆகவே இங்கும் ஈரமூட்டும் ஏற்பாடு வேண்டும், அல்லது நீரைத் தனக்குள் பிடித்துவைக்கும் பொருள் வேண்டும். சல்போனிக் அமிலம் நிறைந்த சேதனச் சட்டகங்களை மென்சவ்வில் சேர்ப்பதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று.

நம் பகுதிக்கே உரிய வேறொரு தொல்லை உப்பு. கடற்காற்றிலுள்ள சோடியம் அயன் சல்போனிக் அமிலத்தின் புரோத்தனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குளோரைட்டு அயன் பிளாற்றினத்தில் ஒட்டி அதன் தொழிற்பாட்டைக் குறைப்பதோடு, பிளாற்றினம் கரைவதற்கும் துணைபோகும். பருத்தித்துறையிலோ நெடுந்தீவிலோ ஒரு கலத்தை இயக்குபவர் காற்று வடிகட்டிக்குச் செலவிடத் தயங்கவே கூடாது.

100 பாகைக்கு மேல் இயங்கும் கலங்களைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். அவற்றில் நுண்துளைப் பொருளின் பங்கு என்ன?

வெப்பநிலை உயர்ந்தால் காபனோரொட்சைட்டால் பிளாற்றினம் நஞ்சாவது குறைகிறது. கலத்தைக் குளிர்விப்பதும் எளிதாகிறது. 32 பாகை வெளிவெப்பநிலையில் 80 பாகைக் கலத்துக்கு 48 பாகை வேறுபாடுதான் உண்டு. 160 பாகைக் கலத்துக்கோ 128 பாகை. வெப்பவலயத்தில் வாழும் நமக்கு இது பொருட்படுத்த வேண்டிய நன்மை.

ஆனால் அவ்வெப்பநிலையில் நீர் நிலைக்காது. புரோத்தனைக் கடத்த வேறொன்று வேண்டும். டொங்லின் ஜியாங்கின் குழு 2016 இல் திரையசோல், இமிடசோல் மூலக்கூறுகளைச் சட்டகத்தின் துளைகளில் நிரப்பி 130 பாகையில் புரோத்தன் கடத்தலைக் காட்டியது. பின்னர் 2020 இல் அக்குழுவினர் பொசுபோரிக் அமிலத்தைத் துளைகளுக்குள் பூட்டிவைத்து 160 பாகையில் சென்ரிமீற்றருக்கு 0.19 சீமன் கடத்துதிறனைப் பெற்றனர். இது நீர் நிறைந்த நாபியனின் தரத்தை ஒத்த எண். 2022 இல், இயல்பாகவே மிகச்சிறு துளைகளைக் கொண்ட ஒரு பல்பகுதிய மென்சவ்வில் பொசுபோரிக் அமிலத்தை ஏற்றி, பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலிருந்து 200 பாகை வரை இயங்கும் கலமொன்று செய்யப்பட்டது. உறைகுளிரில் தொடங்கும் ஆற்றல் நமக்குத் தேவையில்லை. அமிலம் துளையை விட்டுக் கசிந்து போகாமல் நிற்பதே நமக்குத் தேவை.

ஐதரசனைச் சேமிக்கவும் இவற்றைப் பயன்படுத்தலாம் என்கிறார்களே?

77 கெல்வினில், அதாவது திரவ நைதரசனின் வெப்பநிலையில், கிராமுக்கு 72 மில்லிகிராம் ஐதரசனைப் புறத்துறிஞ்சும் சட்டகம் உண்டு. அறை வெப்பநிலையில் அதே பொருள் பிடிக்கும் அளவு மிகச் சொற்பம், ஏனெனில் ஐதரசன் மூலக்கூற்றுக்கும் துளைச் சுவருக்கும் இடையிலான கவர்ச்சி வலுவற்றது. இன்றைய எரிபொருட் கலக் கார்கள் 700 பார் அமுக்கத் தாங்கிகளையே பயன்படுத்துகின்றன. சேமிப்பைவிட ஊக்கிப் படையிலேயே இப்பொருள்களுக்கு அண்மைக்காலப் பயன் உண்டு என்று கருதுகிறேன்.

இவை இன்னும் ஏன் சந்தைக்கு வரவில்லை?

முதலாவது தடை நீடித்துழைப்பு. கலத்துக்குள் அமிலமும் நீரும் வெப்பமும் ஒன்றாக உள்ளன; உடன்விளைவாக உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டிலிருந்து சேதனப் பொருளைத் தாக்கும் மூலிகங்களும் பிறக்கின்றன. அமைனும் அல்டிகைட்டும் சேர்ந்து உண்டாக்கும் சாதாரண இமைன் பிணைப்பு அமிலத்தில் நீர்ப்பகுப்படையக்கூடியது. ராகுல் பனர்ஜியின் குழு 2012 இல் காட்டிய கீற்றோ-ஈனமைன் பிணைப்பு இதற்குப் பெரும்பாலும் விடை கண்டது; அப்பிணைப்பைக் கொண்ட சட்டகம் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்திலும் தன் பளிங்கமைப்பை இழக்கவில்லை. எனினும் மோட்டார் வாகனத்துக்கு 8000 மணித்தியாலமும் பாரவூர்திக்கு 25,000 மணித்தியாலமும் அமெரிக்கச் சக்தித் திணைக்களத்தின் இலக்குகளாக உள்ளன. ஆய்வுகூடப் பரிசோதனையின் காலம் அதனுடன் ஒப்பிடத்தக்கதன்று.

இரண்டாவது, இவை பெரும்பாலும் தூளாகவே கிடைக்கின்றன. கரையாத, உருகாத தூளை வெடிப்பில்லாத அகன்ற படலமாக்குவது கடினம். மூன்றாவது விலை. மறுபக்கத்தில், புளோரீன் சேர்ந்த நிலைபேறான சேர்வைகளைக் கட்டுப்படுத்துமாறு ஐந்து ஐரோப்பிய நாடுகள் 2023 இல் முன்வைத்த யோசனை, நாபியனுக்கு மாற்றான புளோரீனற்ற பொருள்களைத் தேடும் வேகத்தைக் கூட்டியுள்ளது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற இடங்களுக்கு ஐதரசன் பொருத்தமா?

இம்மூன்று தீவுகளுக்கும் சூரியசக்தி, காற்று, மின்கலச் சேமிப்பு ஆகியவற்றை டீசல் மின்பிறப்பாக்கியுடன் இணைக்கும் திட்டமொன்று இந்திய நன்கொடையுடன் 2024 இல் ஒப்பந்தமாகியது. மின்கலத்தைத் தெரிவுசெய்தது சரியே. ஒரு கிலோகிராம் ஐதரசனை மின்பகுப்பால் பெற 50 முதல் 55 கிலோவாற்று மணி செலவாகிறது. அதில் அடங்கியுள்ள சக்தி 33.3 கிலோவாற்று மணி. எரிபொருட் கலம் அதில் பாதியளவைத்தான் மின்னாகத் திருப்பித் தரும். முடிவில் கையில் கிடைப்பது போட்டதில் மூன்றிலொன்று. பகலில் சேர்த்து இரவில் செலவிடுவதற்கு மின்கலமே மேலானது. காற்று ஓய்ந்து வானம் மூடியிருக்கும் நீண்ட நாள்களுக்கான சேமிப்பு என்று வரும்போதுதான் ஐதரசனைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நீரையும் மறக்கக்கூடாது. ஒரு கிலோகிராம் ஐதரசனுக்குக் குறைந்தது 9 கிலோகிராம் தூய நீர் வேண்டும். சுண்ணக்கற்பாறையிலிருந்து வரும் நமது கிணற்றுநீரின் கல்சியமும், கரையோரத்தில் ஏறும் உவரும் அயன் நீக்கப்படாமல் மின்பகுப்புக் கலத்துக்குள் போகக்கூடாது. நிலத்தடியில் உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லையையே குடிநீருக்கு நம்பியிருக்கும் குடாநாட்டில், இந்நீரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுப்பதே நியாயம்.

பனங்கொட்டைச் சிரட்டையிலிருந்து பெறும் காபனும் இவ்வகைப் பொருள்தானா?

இல்லை. கிளர்வூட்டிய காபன் நுண்துளையுடையது, உயிர்ப்பொருளிலிருந்து பெறப்பட்டது. ஆனால் அதன் துளைகள் ஒழுங்கற்றவை, சுவரில் எந்தக் கூட்டம் எங்கு இருக்க வேண்டும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. இருந்தும் அதை இளக்காரமாக எண்ணவேண்டியதில்லை. நைதரசனும் இரும்பும் சேர்த்து உயர் வெப்பநிலையில் பதப்படுத்திய காபன்கள் பிளாற்றினமில்லாத கதோட்டு ஊக்கிகளாக உலகெங்கும் ஆராயப்படுகின்றன. சேதனச் சட்டகங்களையே மூலப்பொருளாக வைத்து அத்தகைய ஊக்கிகளைத் தயாரிப்பதும் உண்டு. பனையை நம்பி வாழும் மண்ணில் இவ்விரண்டு வழிகளையும் ஒரே ஆய்வுகூடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள வேலை.

பெரிய வசதிகள் இல்லாமல் இங்குள்ள ஆய்வுகூடத்தில் சேதனச் சட்டகத்தைத் தயாரிக்க முடியுமா?

தயாரிப்பு முடியும், உறுதிப்படுத்துவதற்கே கருவி வேண்டும். 2013 இல் வெளியான ஒரு முறையில் கலுவமும் குழவியும் போதுமாக இருந்தன. மூன்று அல்டிகைட்டுக் கூட்டங்களைக் கொண்ட திரைபோமைல் புளோரோகுளுசினோலையும் அமைனையும் கரைப்பானின்றி அறை வெப்பநிலையில் அரைக்கும்போது, வெளிர்மஞ்சளான கலவை செம்மஞ்சளாகி, முக்கால் மணித்தியாலமளவில் கருஞ்சிவப்பாகிறது. நிறமாற்றம் தாக்கம் நிகழ்வதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. ஆனால் பளிங்கு ஒழுங்கு உண்டாகிவிட்டதற்கு அது சான்றாகாது. அதற்கு எக்ஸ்-கதிர்க் கோணலும், துளைகளின் பரப்பை அறிய 77 கெல்வினில் நைதரசன் புறத்துறிஞ்சலும் தேவை. அரைத்துப் பெறும் பொருளின் பளிங்குத்தன்மை, கரைப்பானில் வெப்பமேற்றிப் பெறும் பொருளைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் மாணவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

புதிய சாதனை என்று செய்தி வரும்போது அதை எவ்வாறு எடைபோடுவது?

கதோட்டுக்குக் கொடுக்கப்பட்டது தூய ஒட்சிசனா, காற்றா என்பதை முதலில் பாருங்கள். காற்றில் ஒட்சிசன் 21 சதவீதமே என்பதால் தூய ஒட்சிசனில் கிடைத்த வலுவைத் தெருவில் ஓடும் வாகனத்திடம் எதிர்பார்க்க முடியாது. அடுத்து, சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் பிளாற்றினம் என்பதையும், எந்த அமுக்கத்திலும் ஈரப்பதனிலும் அளந்தார்கள் என்பதையும் தேடுங்கள். கடத்துதிறன் மட்டும் தரப்பட்டு, கலமாகப் பொருத்தி இயக்கிய பெறுபேறு தரப்படவில்லையாயின், அது பொருளைப் பற்றிய செய்தி. கலத்தைப் பற்றிய செய்தியன்று. ஒப்பீட்டுக்கு எடுத்த கலம் நன்றாகச் செய்யப்பட்டதா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி, ஏனெனில் மோசமான கலத்துடன் ஒப்பிட்டால் எந்தப் பொருளும் சிறந்ததாகத் தெரியும். இறுதியாக மணித்தியாலக் கணக்கைப் பாருங்கள்: எவ்வளவு நேரம் தொடர்ந்து இயங்கியது, அந்நேரத்தில் வோல்ற்றளவு எவ்வளவு இறங்கியது என்ற இரண்டு எண்களும் ஒன்றாகத் தரப்பட்டிருக்க வேண்டும்.